தளி பக்கம் புல்வெளியில் பார்த்த செம்மஞ்சள் காளான் மறுநாள் கருப்பாகிவிட்டது. இது என்ன காளான்? சாப்பிடலாமா?

உங்கள் போட்டோவில் தெரியும் கூம்பு வடிவக் குடை, புல்வெளி, கருத்துப்போவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ஹைக்ரோசைபி கோனிகா வகைதான். வெளியில் ஒரே மாதிரி தெரியும் பல இனங்களுக்கு இந்த ஒரே பெயர் வழங்கிவருகிறது. போட்டோவை வைத்து அதற்கு மேல் பிரிக்க முடியாது. மைக்ராஸ்கோப்பும் டிஎன்ஏ சோதனையும் வேண்டும்.

நான் தேன்கனிக்கோட்டைக்காரன். மழைக்காலத்தில் மேய்ச்சல் நிலங்களில் காளான் தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. என் அனுபவத்தில் நிறத்தை நம்பக் கூடாது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றும் ஒரே காளானில் வரும். கவனிக்க வேண்டியது அது எப்படிக் கருக்கிறது என்பதை. தண்டை நகத்தால் அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அழுத்திய இடம் மெல்லக் கருக்கும். உள்ளே இருக்கும் டோப்பா என்ற வேதிப்பொருள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால் வரும் மாற்றம் அது. முதிர்ந்தால் முழுக் காளானும் கரிக்கட்டை போலாகி, புல்லுக்குள் அப்படியே நிற்கும்.

எருவிலும் குப்பைமேட்டிலும் வரும் இங்க் கேப் காளான்களும் கருக்கும். ஆனால் அவற்றில் பல உருகி மையாகச் சொட்டும், ஸ்போரும், அதாவது விதை போல உதிரும் பொடியும், கருப்பு. இதற்கு ஸ்போர் வெள்ளை. குடையை மட்டும் எடுத்துக் கருப்புத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி ஒரு ராத்திரி விட்டால் வெள்ளைப் பொடி படியும். அடிப்பக்கத்து மடிப்புகள் தடித்து, இடைவெளி விட்டு, விரலில் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கும்.

சாப்பிட வேண்டாம். சில நூல்கள் விஷம் என்கின்றன, சில அப்படிச் சொல்வதில்லை. நம் ஊரில் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைப்பது தலைமுறைப் பழக்கம். அந்தத் தைரியத்தை இதில் காட்டாதீர்கள்.

அப்புறம் ஒன்று. அந்த இடம் உங்களுடையது என்றால் உழவு ஓட்டாமல், யூரியா போடாமல் விடுங்கள். ஆடு மாடு மேய்வது நல்லதுதான், புல் குட்டையாக இருக்கும். ஐரோப்பாவில் உரம் போட்ட மேய்ச்சல் நிலங்களில் இந்தக் குடும்பத்துக் காளான்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இந்தக் கருக்கும் வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மற்றவை அதற்கும் முன்பே போய்விடும்.

அடுத்த மழையில் பார்த்தால் மண்ணோடு சேர்த்துத் தோண்டி, தண்டின் அடியையும் போட்டோ எடுங்கள். அங்கே பை போன்ற உறையோ, தண்டில் வளையமோ இருந்தால் நான் சொன்ன காளான் அது இல்லை.