மகனைக் கல்லூரியை விட்டு நிறுத்தாதீர்கள், பாரத்தைக் குறையுங்கள்

இன்ஜினியரிங் படிக்கும் மகனைக் கல்லூரியை விட்டு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன் அம்மா, இப்போதைக்குப் படிப்பை நிறுத்தும் பேச்சே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் அவ்வளவு மார்க் எடுத்த பிள்ளை இன்றைக்கு அரியர் வைத்துக்கொண்டு நிற்கிறான், வகுப்பில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதுபோல இருக்கிறது என்கிறான், மனநல மருத்துவரோ சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற மனநோய், வரக்கூடிய அபாய நிலை என்கிறார். எந்தத் தாய்க்கும் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆனால் அபாய நிலை என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இப்படிக் கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், 3 ஆண்டுகளுக்குள் முழு நோயாக மாறியது ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவருக்குத்தான்.

அவன் அப்பா சோம்பேறி என்று திட்டுகிறார் என்றீர்களே, அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நிலையில் இருக்கும் பலருக்கு முதலில் அடி வாங்குவது மூளையின் வேகமும், காதால் கேட்டதை மனதில் பிடித்து வைக்கும் திறனும், கவனமும்தான். ஆசிரியர் சொன்ன ஒரு வரியை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரி போய்விடும், ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாலும் தங்காது. அதே பையனிடம் அவசரப்படுத்தாமல் ஒரு சர்க்யூட்டைக் கொடுத்தால் சரியாகப் போட்டுக் காட்டுவான். எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது, சிலருக்கு எந்தக் குறையும் தெரியாது.

அதனால் மருத்துவமனையிலேயே உளவியலாளரிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எண்களுக்கு உரிய குறிகளை நேரம் வைத்து நிரப்பச் சொல்வார்கள், ஒரு சொற்பட்டியலை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். உங்கள் மகனுக்கு நோய் வருமா வராதா என்பதை அது சொல்லாது, எதில் தடுமாறுகிறான் என்பதைச் சொல்லும்; நமக்கு வேண்டியது அதுதான்.

அப்புறம் துறைத் தலைவரைப் பாருங்கள். எல்லா அரியரையும் ஒரே செமஸ்டரில் எழுத வேண்டாம், இரண்டு போதும். பாடக் குறிப்பு முன்கூட்டியே கிடைத்தால் வகுப்பில் எழுதும் பாரம் குறையும். எம்.டெக். சேர்வதற்கான கேட் (GATE) தேர்வுக் கோச்சிங்கை இப்போது விட்டுவிடலாம். மருத்துவரே ஓய்வு தேவை என்றால் மட்டும் முறைப்படி ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’, அதாவது படிப்பில் தற்காலிக இடைவெளிக்கான அனுமதி, வாங்குங்கள், சும்மா போகாமல் இருந்தால் வருகைப் பதிவில் மாட்டிக்கொள்வான். ஊனமுற்றோர் சான்றிதழுக்கு அவசரப்படாதீர்கள், அதை வைத்துச் சலுகைகள் பெறப் பெரும்பாலும் 40 சதவீத பாதிப்பு காட்ட வேண்டும், அவன் அந்த நிலையில் இல்லை.

வேலை கிடைக்காதோ என்ற பயம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது. கேம்பஸில் வரும் ஆப்டிடியூட் ரவுண்டில் வேகத்துக்குத்தான் பெரிய பங்கு, அதில் கழிக்கப்பட்டால் வேலைக்கே லாயக்கில்லை என்று ஆகிவிடாது. டெஸ்டிங், டிசைன், ஆய்வக வேலை என்று நிதானமாகப் பார்க்கும் வேலைகளும் நிறைய இருக்கின்றன. முதல் வேலையில் நைட் ஷிப்ட் மட்டும் கூடாது, அவனுக்குத் தூக்கம் கெடவே கூடாது. கஞ்சா பழக்கம் உண்டா என்று திட்டாமல் கேளுங்கள், அது அபாயத்தைக் கூட்டும்.

நாள்கணக்கில் தூங்காமல் இருந்தாலோ, யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றாலும் 14416-இல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.