இலவசம் வேறு, திறமூலம் வேறு

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் ஆண்டுச் சந்தா கட்டி ஆபீஸ் மென்பொருள் பயன்படுத்துகிறோம். லிப்ரே ஆபீஸுக்கு மாறலாம், அது திறமூலம், இலவசம் என்கிறார் நண்பர். சும்மா கிடைப்பதை நம்பலாமா? நிரலை யாரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே?

பதில்: 'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழப்பமே அதில்தான். பிடிஎஃப் படிக்க உதவும் அடோபி ரீடருக்குக் காசு கிடையாது. ஆனாலும் அது தனியுரிம மென்பொருள். ரெட் ஹேட் நிறுவனமோ லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தை வைத்தே சந்தா வாங்குகிறது. விலையை விட்டுவிட்டு, உரிமம் உங்களுக்கு என்ன அனுமதி தருகிறது என்று பாருங்கள்.

நிரலாளர் எழுதுவது மூலநிரல். அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றியதைத்தான் நாம் நிறுவுகிறோம். தனியுரிம மென்பொருளில் மாற்றியது மட்டுமே கைக்கு வரும். எத்தனை கணினியில் போடலாம் என்பதையும் நிறுவனமே சொல்லும். திறமூலத்தில் மூலநிரலும் கிடைக்கும். படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து நாலு பேருக்குத் தரலாம். ஜிபிஎல் போன்ற சில உரிமங்களில் ஒரு நிபந்தனை உண்டு: திருத்தியதைப் பிறருக்கு வழங்கினால் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். வெறுமனே பயன்படுத்தும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

"நான் நிரலாளர் இல்லையே, எனக்கென்ன லாபம்?" என்று தோன்றலாம். லிப்ரே ஆபீஸ் பிறந்த கதையே இதற்குப் பதில். ஓப்பன் ஆபீஸ் என்ற திறமூல மென்பொருளை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் பற்றிக் கவலைப்பட்ட நிரலாளர்கள் பலர் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்று தனியே கிளம்பிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தனியுரிம மென்பொருளை அதன் நிறுவனம் கைவிட்டால் அப்படிக் கிளம்ப வழியில்லை.

திருடன் பார்ப்பான் என்பது உண்மைதான். எல்லோரும் பார்க்கலாம் என்பதற்காக யாரோ பார்த்துவிட்டார்கள் என்றும் ஆகாது. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2014இல் அம்பலமாகும்வரை இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூலக் கருவிக்குள் ஒருவர் திட்டமிட்டுக் கள்ளக்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வைத்தார். உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் குடைந்து பார்த்து அதைப் பிடித்தார். அப்படி வெளியாள் குடைந்து பார்க்க முடிவதுதான் திறமூலத்தின் பலம் என்பேன். அதே சமயம், மூடிவைத்த நிரலும் தப்பவில்லை: 2017இல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் விண்டோஸின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஆகவே எந்த மென்பொருளானாலும் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸுக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வருகிறது. அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

பழையதை உடனே நீக்காதீர்கள். இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம். உங்களிடம் உள்ளதிலேயே சிக்கலான ஐந்து கோப்புகளை லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். சாதாரணக் கடிதங்கள் பெரும்பாலும் ஒழுங்காக வரும். அட்டவணைகள் சற்று நகரலாம். எக்ஸெல் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) சில ஓடாமல் போகலாம். புதிய கோப்புகளை ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்தில் சேமியுங்கள். அது 2006 முதல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு ஏற்ற தரம், வேறு மென்பொருள்களிலும் திறக்கும். வெளியாருக்குப் படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். கணக்கு முழுவதும் மேக்ரோவில் ஓடுகிறது என்றால் அந்த ஒரு கணினிக்கு மட்டும் சந்தாவை வைத்துக்கொள்ளுங்கள்.