அறிவியல் ஜோக்குகள்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: பூனை ஆய்வுக் கட்டுரை எழுதியதாகச் சொல்வது கட்டுக்கதைதானே?

பதில்: கட்டுக்கதை இல்லை, உண்மைதான். 1975-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹெதரிங்டன் தனியாளாக எழுதிய ஹீலியம்-3 (ஹீலியத்தின் ஒரு வகை) பற்றிய இயற்பியல் கட்டுரையில் வரிக்கு வரி ‘நாங்கள்’ என்றே தட்டச்சு செய்திருந்தார். ஒருவர் எழுதியதை இதழ் அப்படி ஏற்காது என்றார் நண்பர். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய மனமில்லாமல், தன் பூனை செஸ்டரை ‘எஃப்.டி.சி. வில்லார்ட்’ என்று இணை ஆசிரியராக்கினார். வில்லார்ட் என்பது செஸ்டருடைய அப்பாவின் பெயர். பிறகு சில பிரதிகளில் பூனையின் பாதத் தடமே கையெழுத்தாகப் போனது. கட்டுரையின் இயற்பியல் மட்டும் அசல்.

கேள்வி: ஐன்ஸ்டைனுக்குப் பதில் அவர் டிரைவர் மேடையேறிப் பேசினாராமே?

பதில்: இல்லை. இதையே இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பெயரிலும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் விஞ்ஞானி ஜோக் வந்தால் எந்த ஆண்டு, எங்கே வெளியானது என்று கேளுங்கள்.

கேள்வி: இன்ஜினியர்கள் ஜோக் அடிப்பதுண்டா?

பதில்: அவர்கள் அளவுக்கு யாரும் அடித்ததில்லை! இணையத் தரவைப் புறா மூலம் அனுப்பும் முறையை, 1990 ஏப்ரல் 1 அன்று இணைய விதிமுறைகளை வெளியிடும் ஆவணத் தொடரில் 1149-ஆம் ஆர்.எஃப்.சி.யாக முறைப்படி வெளியிட்டார்கள். 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரில் செய்தே பார்த்தார்கள்: தரவை அச்சிட்டு, தாளைப் புறாவின் காலில் சுற்றி ஒட்டினார்கள். 9 செய்திகளுக்கு 4 பதில் வந்தது; வேகமான பதிலுக்கே 50 நிமிடத்துக்கு மேல். ஆனால் வேலை செய்தது. சுமப்பது கம்பியா, அலையா, பறவையா என்று இணையத்தில் தரவை அனுப்பும் விதியான ஐ.பி. நெறிமுறை பார்ப்பதில்லை. அது புரிந்தவருக்கு இரட்டிப்புச் சிரிப்பு.

கேள்வி: ஆல்ஃபா-பீட்டா-காமா கட்டுரை?

பதில்: பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் உருவானது பற்றி ரால்ஃப் ஆல்ஃபர் தன் ஆசிரியர் ஜார்ஜ் காமாவுடன் எழுதியது. பெயர்கள் கிரேக்க எழுத்துவரிசையாக ஒலிக்கட்டும் என்று, ஆய்வில் பங்கே இல்லாத பிரபல இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தேயை நடுவில் சேர்த்தார் காமா. 1948 ஏப்ரல் 1 தேதியிட்ட இதழில் வெளியானது. ஆல்ஃபருக்கு இது பிடிக்கவில்லை.

கேள்வி: ஐன்ஸ்டைனிடம் நடிகை மர்லின் மன்றோ, ‘என் அழகும் உங்கள் அறிவும் சேர்ந்த குழந்தை பிறந்தால்?’ என்று கேட்டாராமே…

பதில்: மேலே டிரைவருக்குச் சொன்னதே இதற்கும்.

கேள்வி: ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளலாமே சார்? அதனால்தானே ஆல்ஃபரை நமக்குத் தெரிகிறது?

பதில்: இன்று தெரிகிறது, சரி. அன்று அவர் 27 வயது மாணவர், இனிமேல்தான் பேர் வாங்க வேண்டும். இரண்டு பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் மாணவர் பெயரைப் பார்த்தால் வேலை யாருடையது என்று நினைப்பீர்கள்? பூனையால் யாருக்கும் நஷ்டமில்லை; இங்கே உழைத்தவரின் பங்கு மங்கியது.

கேள்வி: காமா பாசத்தில்தானே செய்தார்?

பதில்: பாசத்தை மறுக்கவில்லை. ஆல்ஃபருடன் ஆய்வு செய்த ராபர்ட் ஹெர்மனையும், அடுத்த கிரேக்க எழுத்து டெல்டா என்பதால், ‘டெல்ட்டர்’ என்று பெயர் மாற்றச் சொல்லிக் கேலி செய்தவர்தான் அவர். அந்த ஹெர்மனும் ஆல்ஃபரும்தான் 1948-லேயே பிரபஞ்சத் தொடக்கத்தின் மிச்சமாக எங்கும் பரவியிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை சுமார் 5 கெல்வின் (சுமார் −268 டிகிரி செல்சியஸ்) இருக்கும் என்று கணித்தார்கள். அதைக் கண்டறிந்ததற்காக 1978-இல் பென்சியாஸும் வில்சனும் நோபல் பெற்றார்கள். கணித்த இருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. அதற்கு அந்த ஜோக்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது இந்தக் கணிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.