மம்மித் துணியில் மை எழுத்து

கேள்வி: பண்டைய எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த லினன் துணிகளில் மையால் எழுதியிருப்பதாகப் படித்தேன். அவை அனைத்தும் இறந்தவருக்கான மந்திரங்கள்தாமா?

பதில்: அல்ல. உயிரோடிருந்தவர்களின் அன்றாடத் தேவைக்காக எழுதப்பட்டவையும் அவற்றில் ஏராளம். மம்மியைச் சுற்றிய துணி எல்லாம் அதற்கென்றே நெய்யப்பட்டதில்லை. வீட்டிலும் கோயிலிலும் பல காலம் புழங்கிய விரிப்புகளும் ஆடைகளும்தாம் பெரும்பாலும் பட்டை பட்டையாகக் கிழிக்கப்பட்டு உடலைச் சுற்றின. உரிமையாளரின் பெயர், துணியின் தரம், அரசனின் ஆட்சியாண்டு ஆகியவற்றை நம் சலவைக்குறி போல ஓரத்தில் சிறிதாக எழுதிவைத்தார்கள்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் 1907-இல் தோண்டிய ஒரு சிறு குழியில், உடலைப் பதப்படுத்தியபோது மிஞ்சிய பொருள்கள் ஜாடிகளில் அடைக்கப்பட்டுக் கிடைத்தன. அவற்றோடிருந்த லினனில் எகிப்திய அரசன் தூத்தன்காமூனின் பெயரும் 6-ஆம், 8-ஆம் ஆட்சியாண்டுகளும் மையால் எழுதப்பட்டிருந்தன. அவருடைய கல்லறையே 1922-இல்தான் திறக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, துணியோரத்து ஒரு வரி எவ்வளவு பெரிய சாட்சி என்று எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கொள்ளையர் சிதைத்த அரச உடல்களை மீண்டும் சுற்றிய பூசாரிகளும், அது எந்த ஆண்டில், யாருடைய ஆணைப்படி நடந்தது என்பதை மேல்துணியிலேயே குறித்தனர். 1881-இல், மன்னர்களின் பள்ளத்தாக்கை ஒட்டிய தெய்ர் எல்-பஹ்ரி என்னும் இடத்தில் வெளிப்பட்ட மம்மிகள் பலவற்றை அடையாளம் காண இக்குறிப்புகளே கைகொடுத்தன.

மந்திரங்களும் உண்டு. எகிப்தை ஆண்ட கிரேக்க வழிவந்த தாலமி அரசர் காலத்தில் 'இறந்தோர் நூல்' எனப்படும் மந்திரத் தொகுப்பைக் கட்டுத்துணியிலேயே படங்களோடு எழுதினார்கள். பெத்தோசிரிஸ் என்பவருக்கு உரிய அத்தகைய துணி துண்டுகளாகி உலகெங்கும் சிதறிவிட்டது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு துண்டு, அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தில் உள்ள துண்டோடு பொருந்துவது 2021-இல் தெரியவந்தது.

கேள்வி: அந்த மை எப்படி இத்தனை காலம் நிலைத்தது?

பதில்: புகைக்கரியைப் பிசினோடும் நீரோடும் குழைத்துச் செய்த மை அது. கரி வெளிச்சத்தில் வெளுக்காது, நாரையும் அரிக்காது. லினனின் சொரசொரப்பில் தூரிகை இழுபடுவதால், கோடு தொடங்கும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். போகப் போக மெலிந்து, இழைகளின் மேடுகளில் மட்டும் புள்ளிகளாய்ப் படிந்திருக்கும். ஆனால் இரும்பு கலந்த பழுப்பு மையால் இட்ட சில குறிகளில், மை நாரை அரித்துவிட்டதால் எழுத்திருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான் இருக்கிறது.