நூலகச் சுவரில் ஓவியம்: ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா?

தூத்துக்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தெருமுனை நூலகத்தின் காம்பவுண்டு சுவர், 60 அடி நீளம், 6 அடி உயரம், கிழிந்த போஸ்டரும் கிறுக்கலுமாகக் கிடக்கிறதாம். நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து அதில் பெரிய ஓவியம் வரைய ஆசைப்படுகிறார்கள். வெளிநாடுகளில் செய்வதுபோல ஸ்ப்ரே கேனில் கிராஃபிட்டியாகவே போடலாமா, பிரஷ்ஷும் எமல்ஷனும் போதுமா, எத்தனை வருடம் நிற்கும், வரைந்த மறுவாரமே அதன்மேல் போஸ்டர் ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஸ்ப்ரேயா பிரஷ்ஷா என்பதை அப்புறம் பேசலாம். நாளைக் காலையில் போய் அந்தச் சுவரின் அடிப்பகுதியை, தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டுகிறதா? உங்கள் ஊரில் ஒட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். அது பழைய சுண்ணாம்பாக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். தரையிலிருந்து ஓதம் சுவருக்குள் ஏறும், வெயிலில் வெளிப்பக்கமாக ஆவியாகும், அதோடு வந்த உப்பு மேற்பரப்பில் பூத்து நிற்கும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணத்தை அடித்தாலும் உப்பு அதைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளிவிடும். சுவர் ஓவியங்கள் வெயிலில் மங்குவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நான் பார்த்தவரை உள்ளிருந்து வந்த ஈரத்தில் போனவைதான் அதிகம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். பல வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் ஒரு பள்ளிச் சுவரில் மீன்கூட்டம் வரைந்தேன். பளபளப்பாக இருக்கட்டும் என்று எனாமல் பெயிண்ட் எடுத்தேன், செப்டம்பரில் முடித்தேன், ஐப்பசி மழை அடித்தது. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது பெரிய மீனின் முகம் முழுக்கக் கொப்புளம். ஒன்றை விரலால் தொட்டேன், உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது, பின்பக்கத்தில் சிமெண்ட் பூச்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. எனாமல் ஈரத்தை வெளியே விடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் எனாமல் வேண்டாம்.

சோதிக்க இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். அப்புறம் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பொருக்கு வந்தால் பழைய பூச்சு பிடிப்பில்லாமல் இருக்கிறது, மொத்தத்தையும் சுரண்டியே ஆக வேண்டும்.

சுரண்டும்போது உப்பை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுங்கள். தட்டினால் ‘டொப்’ என்று கேட்கிற இடத்தில் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது, உடைத்துவிட்டு நல்ல ஆற்று மணலிலோ எம் சாண்டிலோ புதுப் பூச்சு வையுங்கள், 28 நாளாவது ஆறட்டும். பச்சைச் சிமெண்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். அதன்பிறகு வெளிச்சுவர் ப்ரைமர். புட்டி வேண்டுமானால் வெள்ளைச் சிமெண்ட் புட்டி மட்டும், வீட்டுக்குள் அடிக்கிற அக்ரிலிக் புட்டி மழையில் ஊறிவிடும். ஓதம் நிற்கவே இல்லையென்றால் அடியில் ஓர் அடியை ஓவியத்துக்குள் கொண்டுவராதீர்கள். நம் வீடுகளில் சுவரடியில் காவிப் பட்டை அடிப்பார்களே, அதுபோல ஒரு பட்டை விட்டு, உரிய உரிய அதை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.

சுவரைச் சரிசெய்வதுதான் முதல் வேலை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பெர்லின் சுவரின் மிச்சத்தில், சுமார் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1990இல் 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் வரைந்தார்கள். உலகமே போய்ப் பார்க்கிற அந்த ஈஸ்ட் சைட் கேலரியே இருபது வருடம் தாங்கவில்லை. பனியும் மழையும் வாகனப் புகையும் அரித்து, 2009இல் முதலில் கான்கிரீட்டைச் செப்பனிட்டு, அப்புறம்தான் பழைய ஓவியர்களை அழைத்து மறுபடி வரையச் சொன்னார்கள்.

சரி, இப்போது ஸ்ப்ரே. கிராஃபிட்டி என்றால் ஸ்ப்ரே என்று நம் மனதில் பதிந்திருக்கிறது, ஆனால் எந்த ஊர்க்காரர் எந்தக் கருவியைக் கையில் எடுத்தார் என்பதை அவருடைய நெருக்கடிதான் முடிவு செய்தது. 1971இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியதால் உலகத்துக்குத் தெரியவந்த ‘டாகி 183’ அந்த ஊரின் ஒரு கூரியர் பையன், போகிற வழியெல்லாம் தன் பெயரையும் தெரு எண்ணையும் எழுதிவிட்டு நகர்ந்தவன், அவனுக்கு வேண்டியது சில விநாடிதான், மார்க்கர் போதும். பாரிஸில் 1981இல் பிளெக் லே ரா எலிகளை ஸ்டென்சிலில், அதாவது உருவம் வெட்டிய தாளைச் சுவரில் வைத்து, அடிக்கத் தொடங்கினார். தாளை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்தால் தெருவில் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ‘பிஷாசாவ்’ என்கிற அந்த ஊர்ச் சுவரெழுத்தை எழுதுகிறவர்கள் உயரமான கட்டடங்களில் ரோலரும் மலிவான கறுப்புப் பெயிண்டும் வைத்து நெட்டை நெட்டையான எழுத்துகளை இழுக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொது விஷயம் ஒன்று, யாராவது வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. எட்டுப் பேர் இருக்கிறீர்கள், விடுமுறை இருக்கிறது. அதனால் வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன், ரோலர், பிரஷ் என்பதே என் பதில். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் சுவர் 360 சதுர அடி; ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டாக சுமார் 50, 60 சதுர அடி வரும் என்று வைத்தால் அடித்தள வண்ணத்துக்கு ஆறேழு லிட்டர் போதும். அதையே 400 மில்லி ஸ்ப்ரே கேனில் நிரப்பப் போனால் குறைந்தது 20, 25 கேன் காலியாகும். கேனை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிற இடம், விளக்கின் ஒளிவட்டம், கன்னத்தின் நிழல். பிரஷ்ஷால் இதைப் போராடித்தான் கொண்டுவர முடியும். கேனை வெயிலில் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். அடிப்பதற்கு முன் உள்ளே குண்டு உருளுகிற சத்தம் தெளிவாகக் கேட்டதற்கு அப்புறமும் ஒரு நிமிடம் குலுக்குங்கள், முடித்ததும் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் கேனின் முனை அடைக்காது. துணி மாஸ்க் இந்தப் புகைக்கு எந்த வகையிலும் உதவாது, ரசாயன ஆவியை வடிகட்டுகிற (ஆர்கானிக் வேப்பர்) கார்ட்ரிஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் முகமூடி வாங்குங்கள். அதற்குப் பணமில்லை என்றால் ஸ்ப்ரேயே வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்க நம் ஊர் கட்-அவுட், பேனர் ஓவியர்கள் செய்ததைச் செய்யுங்கள்: தாளில் கட்டம், சுவரில் அதே கட்டம். கொத்தனாரிடம் நூல் இரவல் வாங்கி, வண்ணப் பொடியில் தோய்த்து, இருவர் இழுத்துப் பிடிக்க ஒருவர் சுண்டினால் 60 அடிக்கும் நேர்கோடு விழும்.

எத்தனை வருடம் என்றால், சுவர் காய்ந்திருந்தால் நான்கைந்து வருடம் நன்றாக இருக்கும். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் மங்காது. காவி, மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு, வெள்ளை எல்லாம் தாங்கும். அடர் இளஞ்சிவப்பும் ஃப்ளோரசன்ட் நிறங்களும் நம் வெயிலில் சில மாதங்களிலேயே வெளுக்கத் தொடங்கும், முக்கியமான முகத்தை அவற்றை நம்பி வரையாதீர்கள். கை எட்டுகிற உயரமும் கணக்கில் வேண்டும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் எர்னெஸ்ட் சகாரெவிச் 2012இல் ஒரு நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். வருகிறவர்கள் எல்லாம் அந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படமெடுத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு, ஓவியம் மங்கிப்போய் மறுபடி வண்ணம் தீட்ட வேண்டியதாயிற்று. நுணுக்கமான வேலையை நான்கு அடிக்கு மேலே வையுங்கள்.

போஸ்டர் விஷயம். கிராஃபிட்டி எழுதுகிறவர்களுக்குள் ஒரு எழுதாத விதி உண்டு: முன்னால் இருப்பதைவிட நன்றாக வரைய முடியும் என்றால்தான் அதன்மேல் கை வைக்க வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1984இல் கிறுக்கிய பையன்களையே கூப்பிட்டுச் சுவர் வரையவிட்டு, அதிலிருந்து பெரிய சுவரோவியத் திட்டத்தை வளர்த்தது. நம் ஊரில் ராத்திரி மைதாப் பசை வாளியோடு வருகிறவருக்கு அந்த விதி தெரியாது, அவர் தேடுவது வெற்றிடத்தை. அதனால் ஓவியத்தில் பெரிய ஒற்றை நிற வானம் வேண்டாம். சின்ன ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், நேரில் போய்ப் பேசுங்கள், முடிந்தால் அவர்கள் பிள்ளைகளில் ஒருவரை ஸ்டென்சில் அடிக்க அழையுங்கள். சென்னை கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தபோது அங்கே இருக்கும் மக்களின் முகங்களே அவற்றில் இடம்பெற்றன, தன் ஊர் முகத்தின்மேல் பசை தடவ யாருக்கும் கை சட்டென்று வராது. மீறி ஒட்டினால் கத்தியால் சுரண்ட வேண்டாம், தண்ணீரில் நனைத்துக் கால்மணி நேரம் ஊறவிட்டு உரியுங்கள்.

கடைசியாக அனுமதி. நூலகர் வாயால் ‘சரி’ என்றால் போதாது, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959இலிருந்தே இருக்கிறது. அந்தக் கடிதத்தில், எத்தனை வருடம் ஓவியம் இருக்கும், யார் பராமரிப்பது, அழிப்பதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கட்டும். நியூயார்க்கில் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ கட்டடத்தில் உரிமையாளர் சம்மதத்தோடுதான் வருடக்கணக்கில் வரைந்தார்கள், 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடித்துவிட்டார்கள். 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொல்லி 2018இல்தான் தீர்ப்பு வந்தது. நம் நாட்டிலும் டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அதைச் செய்த சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடி, 2005இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு வென்றார். அவ்வளவு தூரம் அலைவதற்கு ஒரு பக்கக் கடிதம் எவ்வளவோ மேல்.

மழை முடிந்து, தை பாதியில் ஆரம்பியுங்கள். காலைப் பனி காய்ந்தபிறகு, சுவரில் நிழல் விழுகிற நேரமாகப் பார்த்து வரையுங்கள். மிஞ்சுகிற ஒவ்வொரு நிறத்தையும் சின்ன பாட்டிலில் ஊற்றி, எந்த இடத்துக்கு அடித்தது என்று மேலே எழுதி, நூலகத்திலேயே ஒரு அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் தொட்டுச் சரிசெய்யப் போகும்போது அதே நிறம் கடையில் கிடைக்காது.