ரோபோ தானாக வழி கண்டு நகர, எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ரோபோ நிரல்களுக்கான மென்பொருள் தொகுப்பான ராஸ் 2-ஐ நிறுவுவதற்கு முன் பைத்தானில் 20×20 கட்டம் ஒன்றை வரைந்து, மிகக் குறைந்த தூர வழியைத் தேடும் ஏ-ஸ்டாரை நீங்களே எழுதுங்கள். 1968-இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் வெளியிட்ட முறை அது. இன்றும் அடித்தளம் அதுதான்.

பலர் சறுக்கும் இடம், இலக்குக்கு உள்ள மீதித் தூரத்தை மதிப்பிடும் பகுதி. மூலைவிட்டமாக நகர அனுமதித்துவிட்டு மன்ஹாட்டன் தூரத்தை (கிடையாகவும் செங்குத்தாகவும் உள்ள அடிகளின் கூட்டல்) போடுவார்கள். மூலைவிட்ட அடிக்கு உண்மைச் செலவு 1.414; மன்ஹாட்டன் 2 என்கிறது. மதிப்பீடு உண்மையை மிஞ்சினால் கிடைக்கும் வழிதான் மிகக் குறைந்த தூரம் என்ற உறுதி போய்விடும். நேர்கோட்டுத் தூரமான யூக்ளிட் தூரத்தைப் போடுங்கள்.

அடுத்து, ரோபோ புள்ளி அல்ல. அதன் ஆரம் 20 செ.மீ., ஒரு கட்டத்தின் பக்கம் 5 செ.மீ. என்றால், தடைகளை எல்லாப் பக்கமும் 4 கட்டம் ஊதிப் பெருக்க வேண்டும். இதை விட்டால் திரையில் அழகான பாதை வரும், ரோபோ கதவு நிலையில் இடிக்கும். ஆரத்தை மிகவும் கூட்டிப் போட்டாலோ 70 செ.மீ. கதவு அடைபட்டதாகத் தெரிந்து, வழியே இல்லை என்று நின்றுவிடும்.

பிறகு கஸீபோ என்ற உருவகப்படுத்தும் மென்பொருளில், டர்டில்பாட்3 என்ற சிறு ரோபோவை, ராஸ் 2-இன் வழிநடத்தும் தொகுப்பான நாவ்2-ஐக் கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

நிஜ ரோபோவில் பாதை கோணினால் திட்டமிடும் நிரலைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சக்கரச் சுழற்சியை வைத்து ரோபோவின் இடத்தையும் திசையையும் கணிக்கும் சக்கரக் கணக்குதான் காரணம். நின்ற இடத்திலேயே சரியாக 10 சுற்று சுழற்றுங்கள். கணக்கு 3600 பாகைக்கு மேல் காட்டினால், சக்கர இடைவெளியைக் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள்.