பின்னேரம் கை ஓடேல்லை எண்டா பிழை ஆளிலயோ கூரையிலயோ?

இந்த முறை வந்த கடிதங்களில அரைவாசிக்கு மேல வேலை செய்யிற இடத்தைப் பற்றினதுதான். சம்பளம் காணாது எண்டு எழுதினவை குறைவு, இடம் சரியில்லை எண்டு எழுதினவைதான் கூட. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதுகளை மட்டும் எடுத்திருக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு காமென்ட்ஸில மெஷின் ஒப்பரேட்டர். காலமை டார்கெட் வடிவா ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கட லைன் முழுக்க விழுந்துபோகும். சூப்பர்வைசர் "வீட்டை போய்ப் படுங்கோ" எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசுறார். உண்மையாவே எங்களுக்குச் சோம்பல்தானோ? — வாசகி, தருமபுரம்

பதில்: ஒரு ஆள் விழுந்தா சோம்பல் எண்டு சொல்லலாம் பிள்ளை, லைன் முழுக்க ஒரே நேரத்தில விழுந்தா அது சோம்பல் இல்லை, அந்த இடத்தில ஏதோ பிழை இருக்கு. முதல்ல வெக்கையைப் பார். பங்குனி சித்திரையில மத்தியானம் ஒரு மணிக்குக் கிளிநொச்சியில ஒரு சீற் கூரைக்குக் கீழ நிண்டு பாத்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, அதுக்குள்ள நூற்றுக்கணக்கில மெஷின், அயன், லைட், அவ்வளவு பேரின்ர உடம்புச் சூடு வேற. உடம்பு தன்னைக் குளிராக்கிறதுக்கு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், வேர்க்கும், தண்ணி குறையும், அதோட கவனமும் குறையும், தையல் கோணும், கோணினதைப் பிரிச்சுத் திருப்பித் தைக்கேக்க டார்கெட் இன்னும் பின்னுக்குப் போகும். சோளகம், அதுதான் தென்மேல் பருவக்காத்து, அடிக்கத் தொடங்கினாப் பிறகு கொஞ்சம் காத்து வரும், ஆனா யன்னல் திறக்கேலாத கட்டிடத்துக்குச் சோளகம் அடிச்சென்ன அடிக்காட்டி என்ன.

இதை ஆரும் சும்மா சொல்லேல்லை. பெங்களூர்ப் பக்கத்து காமென்ட் தொழிற்சாலையளில பழைய டியூப் லைட்டைக் கழட்டிப்போட்டு எல்ஈடி போட்டவை, கரண்டை மிச்சம் பிடிக்கத்தான். எல்ஈடி சூடு குறைவு எண்டபடியா தைக்கிற இடம் கொஞ்சம் குளிர்ந்தது, அந்தத் தரவை மூண்டு பொருளியலாளர் எடுத்துப் பாத்து 2020ல வெளியிட்டிச்சினம். வெக்கையான நாளில விழுற வேலையில பெரும்பகுதி விழாம நிண்டிட்டுது. முதலாளிமார் கரண்ட் பில்லைப் பாத்துச் செய்த வேலை, தையலில லாபமாத் திரும்பி வந்திருக்கு. ஆளை மாத்தேல்லை, சூப்பர்வைசரை மாத்தேல்லை, லைட்டைத்தான் மாத்தினவை.

அடுத்தது தண்ணி. இதை ஆரும் வெளியில கதைக்க மாட்டினம், நான் கதைக்கிறன். டொய்லெட்டுக்குப் போக டோக்கன் வாங்கோணும், போனா எத்தினை நிமிசம் எண்டு பாக்கினம் எண்டா பிள்ளையள் என்ன செய்யும், தண்ணி குடிக்காமலே இருக்கும். நாலரை மணிக்கு எழும்பி, தேத்தண்ணியோட பஸ் ஏறி, அந்த வெக்கைக்குள்ள தண்ணியும் இல்லாம இருந்தா மத்தியானத்துக்குப் பிறகு தலை சுத்தாம என்ன செய்யும்? மாதவிடாய் நாளில இன்னும் மோசம். 1942ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலயே காத்தோட்டம், வெளிச்சம், குடிதண்ணி, மலசலகூடம் எல்லாம் எழுதிக் கிடக்கு, எங்கட அம்மம்மாக்களின்ர காலத்துச் சட்டம். ஆரும் இரங்கித் தாற சலுகை எண்டு நினைக்காதேங்கோ.

செய்யக்கூடியது இது. தனியப் போய்க் கதைக்காதை. உங்கட தொழிற்சாலையில ஊழியர் குழு ஒண்டு இருந்தா அதுக்குள்ளால, இல்லாட்டி நாலைஞ்சு பேராச் சேர்ந்து, ரெண்டு கிழமைக்கு மணித்தியாலக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கோ. எத்தினை மணிக்கு எத்தினை பீஸ், எத்தினை திருப்பித் தைச்சது எண்டு. கணக்குப் போடுற ஆக்களுக்குக் கண்ணீரை விடக் கணக்குத்தான் கெதியா விளங்கும். அந்த ஏச்சையும் சேர்த்துச் சொல்லுங்கோ. எல்லாருக்கும் முன்னால ஏச்சு வாங்கின கை அடுத்த அரை மணித்தியாலம் நடுங்கிக்கொண்டுதான் தைக்கும்.

கேள்வி: வவுனியா பஜார் பக்கம் ஒரு துணிக்கடையில நிக்கிறன். நிக்கிறன் எண்டா உண்மையாவே நிக்கிறதுதான், காலமை ஒன்பதில இருந்து இரவு கடை பூட்டும் வரைக்கும் இருக்க விடாயினம். ஆள் வராத நேரத்திலயும் இருந்தா "கடைக்கு வடிவில்லை" எண்டுறார் முதலாளி. — பெயர் வேண்டாம்

பதில்: கடைக்கு வடிவு கால் வீங்கின பிள்ளையோ? கேரளாவில துணிக்கடைப் பெண்கள் இதுக்காகவே போராடி 2018ல சட்டத்தை மாத்த வைச்சவை, தமிழ்நாட்டில 2021ல கடையளில வேலை செய்யிற ஆக்களுக்கு இருக்கை கட்டாயம் எண்டு சட்டம் திருத்தினவை. அங்கத்தைய கடையள் ஒண்டும் அதால பூட்டுப்படேல்லை. எங்கட 1954ம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமையில ஒண்டரை நாள் லீவு எண்டு சொல்லுது, அதுக்கு மேல எண்டா ஓவர்டைம் காசு தரவேணும். ஒன்பதில இருந்து இரவு வரைக்கும் எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்தா கதிரையை விட இதுதான் பெரிய பிரச்சினை. தொழில் திணைக்களத்து அலுவலகத்தில போய்க் கேக்கலாம். முதலாளிக்கு ஒண்டு, இருந்து எழும்பின பிள்ளைதான் பின்னேரம் ஆறு மணிக்கு வாற கலியாண வீட்டுக் கூட்டத்துக்குச் சிரிச்ச முகத்தோட நூறு சீலையை விரிச்சுக் காட்டும்.

கேள்வி: எங்கட மனேச்சர் கொழும்பில ட்ரெய்னிங் போட்டு வந்து, "அமெரிக்காவில லைட்டைக் கூட்டினாலும் வேலை கூடினதாம், குறைச்சாலும் கூடினதாம், அப்ப வசதியில ஒண்டும் இல்லை, கவனிக்கிறம் எண்டு காட்டினாக் காணும்" எண்டுறார். உண்மையோ? — மாங்குளம் வாசகர்

பதில்: அது சிக்காகோவுக்குப் பக்கத்தில ஹோதோர்ன் எண்ட இடத்துத் தொழிற்சாலையில 1924ல தொடங்கின பரிசோதனை, எல்லா ட்ரெய்னிங்கிலயும் இந்தக் கதை வரும், பிறகு ஒரு கேக்கும் வெட்டுவினம். அந்தப் பழைய வெளிச்சத் தரவைப் பிறகு தேடி எடுத்துத் திருப்பிக் கணக்குப் பாத்த பொருளியலாளர் கதையில சொல்லுற மாதிரி ஒரு பெரிய பாய்ச்சலும் அதில இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். கவனிக்கிறது நல்லதுதான். ஆனா ஃபான் வாங்காம இருக்கிறதுக்கு ஹோதோர்னைச் சாட்டுச் சொல்லக்கூடாது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, நான் சொன்னதாயே சொல்லுங்கோ.

கேள்வி: பரந்தன் பக்கம் சின்ன அரிசி மில் வைச்சிருக்கிறன் தங்கச்சி. மற்ற ஆக்களை விடக் கூடச் சம்பளம் குடுக்கிறன், மத்தியானச் சாப்பாடும் குடுக்கிறன். பெடியள் நிக்கிறாங்கள் இல்லை. ஒருத்தன் கொழும்புக்கு, ஒருத்தன் வெளிநாட்டுக்கு, ஒருத்தன் சும்மா வீட்டில. இந்தக் காலத்துப் பெடியளுக்கு நன்றி இல்லை.

பதில்: வெளிநாட்டுக்குப் போறவனை நீங்களும் மறிக்கேலாது, நானும் மறிக்கேலாது, அவனை விடுங்கோ அண்ணை. சும்மா வீட்டில இருக்கிறவன்தான் யோசிக்க வைக்கிறான். சம்பளம் இல்லாம இருக்கிறது உங்கட மில்லில நிக்கிறதை விடப் பரவாயில்லை எண்டு ஒருத்தன் முடிவெடுத்திருக்கிறான் எண்டா அவனுக்கு அங்க என்ன நடந்தது?

ஹேர்ஸ்பேர்க் எண்ட உளவியலாளர் 1959ல எழுதினது ஒண்டு இருக்கு. பிட்ஸ்பேர்க் பக்கத்து என்ஜினியர்மார், கணக்காளர்மாரைக் கேட்டுப் பாத்தவர். ஆக்களுக்கு வெறுப்பு வாறது சம்பளம், மேற்பார்வை, வேலை செய்யிற இடம் இதுகளால, ஆனா இதுகளைச் சரியாக்கினா வெறுப்புத்தான் குறையும், விருப்பம் வராது. விருப்பம் வாறது செய்த வேலையைப் பாராட்டுறதால, பொறுப்புக் குடுக்கிறதால எண்டார். அவர் கேட்ட முறையில குறை சொன்னவையும் நிறைய, ஏன் எண்டா எந்த மனுசனும் நல்லது நடந்தா தன்னால எண்டும் கெட்டது நடந்தா மற்றவனால எண்டும்தானே சொல்லுவான். அதால நான் அதை முழுசா நம்புறேல்லை. ஆனா உங்கட மில்லுக்கு அது பொருந்துது. சாப்பாடு குடுக்கிறியள், வரம்பைக் கட்டினமாதிரி, அது தேவைதான், ஆனா வரம்பில நெல்லு விளையாது.

கேக்கிறன், மறுமொழி எனக்கு வேண்டாம், நீங்களே யோசியுங்கோ. சம்பளம் ஒரே திகதியில போகுதோ, இல்லாட்டி நெல்லு வித்த காசு வந்தாப் பிறகோ? ஞாயிறு காலமை போன் அடிச்சு "லொறி வந்திட்டுது, வா" எண்டு கூப்பிடுறது எத்தினை தரம்? உமித் தூசுக்கு மூக்குக்கு மாஸ்க் இருக்கோ? மெஷின் பெல்ட்டுக்கு மூடி இருக்கோ? ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) சம்பளத்தில அவையின்ர 8 வீதமும் உங்கட 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கட 3 வீதமும் ஒழுங்காப் போகுதோ? இது கனபேருக்குத் தெரியாது, ஆனா பெடியனுக்குப் பெண் குடுக்கிற மாமாக்கு நல்லாத் தெரியும், "ஈபிஎஃப் இருக்கோ" எண்டுதான் முதல் கேப்பார். ரெண்டு வருசம் நிண்டவனுக்கு மெஷின் பூட்டக் கழட்டப் பழக்கியிருக்கிறியளோ, இல்லை இப்பவும் மூட்டைதான் தூக்குறானோ? கடைசிக் கேள்விக்கு இல்லை எண்டா நன்றியைப் பற்றிக் கதைக்காதேங்கோ, மூட்டை தூக்கிறதில ஒரு எதிர்காலத்தை அவனால காணேலாமக் கிடக்கு.

இன்னொண்டு. சந்தோசமா இருக்கிறவன் எல்லாம் நல்லா வேலை செய்வான் எண்டும் இல்லை. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்து 2001ல கணக்குப் பாத்தவை, திருப்திக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு இருக்கு, ஆனா நடுத்தரம்தான், முழுத் தொடர்பு 1 எண்டா இது 0.3 அளவில எண்டு சொல்லிச்சினம். அதால மில்லைத் திருத்தினா அடுத்த மாதமே மூட்டை கூடும் எண்டு எதிர்பாக்காதேங்கோ. ஆள் நிக்கும், பழகின ஆள் நிண்டா அரிசி உடையிறது குறையும், அந்த லாபம் மெதுவாத்தான் வரும்.

கேள்வி: துணுக்காய் வலயத்தில ஒரு பள்ளிக்கூடத்து அதிபர் நான். ஆசிரியர்மார் கனபேர் யாழ்ப்பாணத்தில இருந்து தினம் வந்து போகினம். பிந்தி வருகினம், பஸ்ஸைப் பிடிக்க முந்தி ஓடுகினம். கண்டிச்சா இடமாற்றத்துக்கு எழுதிப்போடுகினம். என்ன செய்ய?

பதில்: சேர், அவை வகுப்புக்குள்ள வாறதுக்கு முதலே அரை நாள் வேலை முடிச்ச மாதிரித்தான். இருட்டோட வெளிக்கிட்டு ஏ9 றோட்டால வந்து, உள்ளுக்கு இன்னொரு பஸ் மாறி, ஏழரைக்கு நிக்கவேணும் எண்டா ஆராலும் முடியாது. அதுக்காக எங்கட பிள்ளையளின்ர முதல் பாடம் வெறுமையாப் போறதும் சரியில்லை, அதிலயும் க.பொ.த சாதாரண தரப் பிள்ளையளுக்கு. வன்னிப் பிள்ளையள் ஏற்கெனவே இழந்தது காணும்.

உங்கட கையில இருக்கிறது ரெண்டு. ஒண்டு நேரசூசி, தூரத்தில இருந்து வாறவைக்கு முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் தவிர்த்து நடுவில கணிதம், விஞ்ஞானத்தைப் போடலாம், உள்ளூர் ஆசிரியரைக் காலமைக்குப் போடலாம், ஆனா அவைக்கு அதுக்கு ஈடா வேற ஏதாவது குறைச்சுவிடுங்கோ, இல்லாட்டி கிட்ட இருக்கிறதே தண்டனையாப் போடும். மற்றது விடுதி. பள்ளிக்கூடத்தில குவாட்டர்ஸ் இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள், அதில ஆரும் தங்கிறேல்லை எண்டும் எழுதியிருக்கிறியள். போய்ப் பாருங்கோ. உள்ளுக்குப் பூட்டு இருக்கோ, கிணத்தில தண்ணி இருக்கோ, டொய்லெட் வீட்டோடயோ இல்லை வளவின்ர கடைசியிலயோ? இரவில யானை வாற இடத்தில, வளவின்ர கடைசியில இருக்கிற டொய்லெட்டுக்கு ஒரு ரீச்சர் டோர்ச் அடிச்சுக்கொண்டு போவாவோ? பழைய மாணவர் சங்கத்துக்காரர் வெளிநாட்டில இருந்து கேட்டினம் எண்டா வளைவும் சிலையும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அந்தக் காசுக்கு ஒரு டொய்லெட், ஒரு தண்ணித் தாங்கி, சுத்திவர லைட். கிழமையில நாலு இரவு தங்கினாலே திங்கள் வந்து வெள்ளி போகலாம், அரைவாசிப் பேர் ஒத்துக்கொண்டாலும் உங்களுக்கு வெற்றிதான். குழந்தைப்பிள்ளை வைச்சிருக்கிற ரீச்சர்மாரை இதுக்குக் கட்டாயப்படுத்தாதேங்கோ.

கேள்வி: கிளிநொச்சியில வீட்டில இருந்து கொழும்புக் கம்பனி ஒண்டுக்கு ஐடி வேலை செய்யிறன் அக்கா. பயணம் இல்லை, சம்பளம் நல்லம், ஆனா ரெண்டு வருசமா ஆரோடயும் கதைக்காத மாதிரி ஒரு விசர் வருது. அம்மா "வீட்டில சும்மா இருக்கிறான்" எண்டு ஊருக்குச் சொல்லுறா.

பதில்: அம்மாவை விடு தம்பி, சம்பளச் சீட்டை ஒருநாள் காட்டு. மற்றது உனக்கு மட்டும் வந்த விசர் இல்லை. சீனாவில ஒரு பயண முகவர் கம்பனி கோல் சென்டர் ஆக்களை வீட்டில இருந்து வேலை செய்ய விட்டுப் பாத்தது. வேலை 13 வீதம் கூடினது, விட்டிட்டுப் போறவையின்ர தொகை பாதியாக் குறைஞ்சது, ஆனாலும் தனிமை தாங்கேலாம நிறையப் பேர் திருப்பி ஒபீசுக்கே போகக் கேட்டவை. கிளிநொச்சியில உன்னைப் போல வேலை செய்யிற ரெண்டு மூண்டு பெடியள் பெட்டையள் கட்டாயம் இருப்பினம், சேர்ந்து ஒரு அறையை வாடகைக்கு எடுங்கோ, இன்டர்நெட் காசையும் பிரிக்கலாம். முழுக்கிழமையும் போகவேண்டாம், மூண்டு நாள் காணும். அறை எடுக்கேக்க மேல்மாடியில சீற் கூரைக்குக் கீழ எடுத்துப்போடாதை, மேல தருமபுரத்துப் பிள்ளைக்கு எழுதினதை ஒருக்கா வாசி.